பாதிரியார் காத்திருந்த காரணம்

அந்தப் பாதிரியார் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர் மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம். அவரை நான் கண்டதில்லை, அவருடைய நாட்டுக்கும் போனதில்லை. ஒரு பழைய இங்கிலிஷ் வாசிப்புப் புத்தகத்தில் ஐந்து பக்கப் பாடமாகத்தான் அவர் எனக்கு அறிமுகமானார். இருந்தாலும், என் வாழ்நாளில் நான் கோபப்பட்ட ஆட்களை வரிசையில் நிறுத்தச் சொன்னால் அவர் முதல் நாலு பேருக்குள் வந்துவிடுவார். மற்ற மூவரில் ஒருவர் வட்டாரக் கல்வி அதிகாரி, ஒருவர் என் வாப்பா, இன்னொருவர் நான்.

எழுபத்தெட்டில் வந்த சூறாவளி இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் கூரை என்று இருந்ததையெல்லாம் கொண்டுபோனது. நான் அப்போது படிப்பித்த பாடசாலை கல்முனையிலிருந்து உள்ளே, வயல்களுக்கு நடுவே இருந்தது. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை; அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பாடசாலையின் தகரம் பறந்து, அலுமாரிக்குள் இருந்த பாடப்புத்தகங்கள் மழையில் ஊறி, காயவைத்தபோது ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன. புதுப் புத்தகம் இந்தா வருகிறது அந்தா வருகிறது என்று ஒரு வருஷம் போனது. கடைசியில் பாடசாலை அதிபர் எங்கிருந்தோ ஒரு சாக்கு நிறையப் பழைய வாசிப்புப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் கொட்டினார். வெள்ளைக்காரன் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த புத்தகம். எலி கூட அட்டையைத் தின்றுவிட்டு உள்ளே போக மனமில்லாமல் திரும்பியிருந்தது.

அதில் முழுசாகப் பக்கங்கள் இருந்த பாடம் பன்னிரண்டாம் பாடம் ஒன்றுதான். அதுதான் பாதிரியார்.

பாடத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறப் பாதிரியாருக்கு ஒன்பது பிள்ளைகள். ஐந்தாவது பிள்ளை இவர். படிப்பில் கெட்டிக்காரர். புலமைப்பரிசில் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரிக்குப் போகிறார். கிரேக்கமும் இலத்தீனும் படிக்கிறார், பரிசுகள் வாங்குகிறார், படித்து முடிந்ததும் அதே கல்லூரியிலேயே ஆசிரியராக எடுபடுகிறார். இருபத்துநாலு வயதில் தகப்பனைப் போலத் தானும் பாதிரியாராகிறார். பிறகு கல்லூரியை விட்டு அவர் அசையவில்லை. காலையில் தொழுகை, பிறகு வகுப்பு, பின்னேரம் ஆற்றோரம் நடை, இரவில் மற்ற ஆசிரியர்களோடு நீட்டு மேசையில் சாப்பாடு. நடுவில் ஒரு இலக்கணப் புத்தகம் எழுதுகிறார். பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று ஒரு பேச்சு எழும்பியபோது கொடுக்கவே கூடாது என்று எழுந்து நின்று பேசுகிறார்; அவருடைய மன உறுதிக்கு உதாரணமாகப் பாடம் இதைத்தான் சொல்கிறது. ஐம்பத்தோராம் வயதில் கல்லூரியின் தலைவராகிறார். தேவாலயத்தின் கூரையைத் திருத்துகிறார், தோட்டத்தில் மரங்கள் வைக்கிறார், மாணவர்களின் பெயர்களையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறார். பதினாறு வருஷம் தலைவராக இருந்துவிட்டு, தலைவரின் வீட்டிலேயே, எல்லாரும் சூழ இருக்கக் கண்ணை மூடுகிறார்.

ஐந்து பக்கத்தில் ஒரு பெண்ணும் வருகிறாள். அவளுக்கு மூன்றே வசனம். இருபத்தெட்டு வயதில் இவர் அவளுக்கு வாக்குக் கொடுத்தார் என்பது ஒன்று. அந்தக் கல்லூரியில் ஆசிரியர்கள் கலியாணம் முடித்தால் வேலையும் அறையும் போய்விடும், தலைவருக்கு மட்டும் வீடும் மனைவியும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, ஆகவே அவர் தலைவரான வருஷத்தில்தான் கலியாணம் நடந்தது என்பது இரண்டாவது. அவர் இறந்தபின் அந்த அம்மா கடற்கரையோரம் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டார் என்பது மூன்றாவது. மரங்களுக்கு ஏழெட்டு வரியில் ஒரு முழுப் பந்தி கொடுத்திருந்தார்கள்.

இருபத்துமூன்று வருஷம். எழுதியவனுக்குக் கை கூசவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார் என்று புகழ்ந்து எழுதியிருந்தான். அவருக்கென்ன, நீட்டு மேசையில் சாப்பாடு இருந்தது. அவள் எங்கே இருந்து காத்திருந்தாள், யாருடைய சமையலறையில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்தாள் என்று பாடத்தில் ஒரு சொல் கிடையாது.

இந்த இடத்தில் வெளியூர் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்தால் தகப்பனும் சகோதரங்களும் அவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். முஸ்லிம்களுக்குள் மட்டுமல்ல, பெரியநீலாவணையில் கடலுக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களிலும் இதுதான் வழக்கம். மாப்பிள்ளை மவுத்தாகி மண்ணுக்குள் போனாலும் வீடு அவளுடையது. இதைக் கேட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீடு முடியாவிட்டால் கலியாணமும் இல்லை. எனக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை பகுதி இரண்டு வருஷமாக இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்று, வீட்டுக்கு ஓடு. மற்றது, எனக்கு நிரந்தர நியமனம். கூரைக்கு வாப்பா சேர்த்து ஏற்றிய மரத்தைச் சூறாவளி சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. நிரந்தரமோ வட்டாரக் கல்வி அதிகாரியின் சிபாரிசில் தொங்கியது. தகுதிகாண் காலம் முடிய நாலு மாசம் இருந்தது, எனக்கு இருபத்தெட்டு வயது.

பாதிரியார் பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் ஒரு கிழமை, ஐந்து நாளும் எடுத்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள், முக்கால்வாசி பெண்கள். கிரேக்கம், இலத்தீன் வரும்வரை எல்லாரும் பாதி நித்திரை. கடைசி வசனத்துக்கு வந்தபோதுதான் வகுப்பு விழித்தது. இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். வயல்காரர் ஒருவரின் மூத்த மகள், அதிகம் வாய் திறக்காதவள்.

"டீச்சர், மாப்பிள மவுத்தானா பொஞ்சாதி என்னத்துக்கு ஊட்ட உட்டுப் போற?"

"அது காலேஜிட ஊடு. புதுத் தலைவருக்குக் குடுக்கோணும்," என்றேன்.

"அப்ப அவக்கிட்ட ஊடே இல்லயா?"

"இல்ல."

"அவக்கு வாப்பா இல்லயா, காக்காமார் இல்லயா?"

அண்ணன்மார் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது என்றேன். பாடத்தில் அதெல்லாம் இல்லை. வகுப்பு முழுக்க முணுமுணுப்பு. அந்தக் கல்லூரிக்காரர்களைப் பற்றி அந்தப் பிள்ளைகள் அன்று பேசியதை இங்கிலிஷில் சொல்லத் தெரிந்திருந்தால் எல்லாருக்கும் ஆக உயர்ந்த புள்ளி, விசேட சித்தி, கொடுத்திருப்பேன்.

பாடத்தின் முடிவில் பத்துக் கேள்விகள். ஏழாவது கேள்வி, அவர் ஏன் முன்னமே திருமணம் செய்யவில்லை என்பது. இங்கிலிஷ் கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் பதில் எழுதுகிற முறை ஒன்று இருந்தது. கேள்வியில் உள்ள பெரிய சொல்லைப் பாடத்தில் தேடிக் கண்டுபிடித்து, அந்த வசனத்தை முற்றுப்புள்ளி வரைக்கும் அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. நானும் அப்படித்தான் படித்துப் பாஸானேன். அந்த முறையில் இருபத்தொரு கொப்பிகளில் கல்லூரிச் சட்டம் வந்திருந்தது. எழும்பிக் கேட்ட பிள்ளையின் கொப்பியில் மட்டும் வேறு மூன்று வசனம். அந்தப் பெண்ணின் வீடு கட்டி முடியவில்லை. அவளுடைய தகப்பன் ஏழை. ஆகவே அவர் காத்திருந்தார்.

எழுத்துப்பிழை இரண்டு இருந்தது. ஆனால் மூன்று வசனமும் அவளுடையது. மூன்று வருஷம் படிப்பித்ததில் ஒரு பிள்ளை தன் தலைக்குள்ளிருந்து எடுத்து எழுதிய முதல் இங்கிலிஷ் அது. சந்தோஷத்தில் அந்த மூன்றையும் இன்னொரு தரம் வாசித்தேன். ஐந்துக்கு நாலு புள்ளி போட்டேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "இது பாடத்துல எங்க இரிக்கி?" என்று கேட்டேன்.

"பாடத்துல இல்ல டீச்சர்," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கும் அதானே," என்றாள்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கூரை இல்லாத என் வீட்டைப் பஸ்ஸில் போகிற எல்லாரும் பார்த்திருப்பார்கள். எனக்கு முகம் சுட்டது, ஆனால் அவள் மேல் கோபம் வரவில்லை. போய் இரு என்று சொன்னேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு வட்டாரக் கல்வி அதிகாரி வந்தார். வெள்ளை நீட்டுக் காற்சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனை. வகுப்பின் பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கொப்பிகளைப் புரட்டினார். அந்தப் பிள்ளையின் கொப்பியில் நின்றார். முதலில் அவருக்கு விளங்கவில்லை, இரண்டாம் தரம் வாசித்தார், பிறகு சிரித்தார். சத்தமாகச் சிரித்து, அந்த மூன்று வசனத்தையும் வகுப்புக்கு வாசித்தும் காட்டினார்.

"இங்கிலாந்துலயும் பொம்பிளைக்கு ஊடு கட்டிக் குடுக்கிறாங்களாம். நாளைக்கு ராணிக்கும் சீதனம் பேசுவாங்க போல," என்றார். "இதுக்கு நாலு புள்ளி போட்ட டீச்சர் ஆரு?"

நான்தான் என்று அவருக்குத் தெரியும். வகுப்பில் வேறு டீச்சர் இல்லை.

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். பாடத்தில் உள்ளதைப் பார்த்து எழுதிய மற்ற இருபத்தொரு பேரும் அவள் பக்கம் திரும்பாமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இந்த விஷயத்தில் பெரிய ஆட்களை விட நாகரிகமானவர்கள்.

அடுத்த கிழமை என்னைத் தன் அலுவலகமான கல்முனைக் கந்தோருக்கு வரச் சொன்னார். வாப்பாவும் பஸ்ஸில் கூட வந்து வெளியே வேப்பமர நிழலில் நின்றார். மேசையில் என் பெயர் எழுதிய பைல், என் சேவைக் கோவை, கிடந்தது.

"டீச்சர், நான் உங்களுக்கு உதவி செய்யத்தான் பாக்கன்," என்றார் அதிகாரி. "பிழையாப் படிப்பிச்சிட்டன் எண்டு ஒரு கடிதம் தாங்க. அந்தப் புள்ளயிட புள்ளிய வெட்டுங்க. நான் சிபாரிசு எழுதுறன். இல்லாட்டி ஒரு வருஷம் தள்ளிப் போகும், அதுக்குப் பிறகும் கிடைக்குமா எண்டு எனக்குச் செல்ல ஏலா."

"அது பிழை இல்ல சேர். ஊடு இல்லாததாலதான் அவர் கலியாணம் முடிக்கல்ல. பாடத்துலயும் அதான் இரிக்கி. புள்ள ஆர்ட ஊடு எண்டத மட்டும் மாத்திட்டா. அதுக்குத்தான் ஒரு புள்ளி கொறச்சன்."

"ஆம்பிளதான் ஊடு குடுக்கோணும். உலகத்துல எல்லா இடத்துலயும் அதான்."

அதைக் கேட்டதும் என் நாக்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை. இந்த மனிதர் வேறு ஊரில் பிறந்தவர். கலியாணம் முடித்துக் கல்முனைக்கு வந்தவர். அவர் இருந்த வீட்டை, முன்னால் இரும்புக் கேற் போட்ட அந்தப் பெரிய வீட்டை, அவருடைய மாமனார் மகளுக்காகக் கட்டியதைக் கண்ட ஆட்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

"சேர், நீங்க இரிக்கிற ஊடு ஆர்ட பேர்ல?" என்று கேட்டேன்.

அவர் மூன்று பேனைகளில் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்ப மூடினார். "அது பாடத்திட்டத்துல இல்ல," என்றார். "நீங்க போகலாம்."

வெளியே வந்து வாப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். வாப்பா கல்முனையில் கயிறும் ஆணியும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தவர், வாடிக்கைக்காரரோடு ஒருநாளும் வாய் காட்டாதவர். பஸ் மாவடிப்பள்ளிக்குப் போகிற சந்தியைத் தாண்டிய பிறகு, "அப்பிடிக் கேட்டிரிக்கக் கூடா மகள்," என்றார். அவ்வளவுதான்.

புள்ளியை நான் வெட்டவில்லை. கடிதமும் கொடுக்கவில்லை. இரண்டு மாசம் கழிந்தது, எனக்கு நிரந்தர நியமனம் வந்தது.

அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய அன்று என் தலை கூரையில் இடித்திருக்கும், கூரை இருந்திருந்தால். என்னுடைய ஒரு கேள்வி அந்த மனிதரை வெட்கப்படுத்திவிட்டது என்று நான் முழுசாக நம்பினேன். அந்த வருஷமே ஓடு போட்டார்கள், நிகாஹ் நடந்தது, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்ந்தார். வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் தென்னங்கிடுகால் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கிக்கொண்டு அங்கே போனார்கள். அடுத்த ஏழு வருஷமும் எந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறையில் இருந்தாலும் நான் இந்தக் கதையைச் சொன்னேன். அதிகாரியின் பேனை மூடியைக் கையால் நடித்துக் காட்டுவேன். ஆட்கள் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினார்கள்.

கலியாண லீவு முடிந்து பாடசாலைக்குத் திரும்பிய அன்று இரண்டாம் வரிசையில் அந்தப் பிள்ளை இல்லை. அதிபரிடம் கேட்டேன். "பெரிய புள்ள ஆகிட்டா, ஊட்டோட நிப்பாட்டிட்டாங்க," என்றார். அந்தக் காலத்தில் அது தினம் நடக்கிற விஷயம். எனக்குப் புதுக் கலியாணம், புது வீடு. சரி என்று கேட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஊருக்குள் இடமாற்றம் கிடைத்தது. சேவைக் காலத்தை உறுதிப்படுத்த முதல் நியமனத் தேதிகள் தேவைப்பட்டன. கந்தோரில் இருந்த லிகிதருக்கு வேலை அதிகம், என் கோவையை என்னிடமே தந்து, "தேதிகளப் பாத்து எழுதித் தாங்க டீச்சர்," என்றார். சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து புரட்டினேன்.

நடுவில் ஒரு தட்டச்சுக் கடிதம். இங்கிலிஷில். அனுப்பியவர் நான்.

கல்முனை நீதிமன்றத்துக்கு முன்னால் பெட்டிசம் எழுதுகிறவர்களின் இங்கிலிஷ் அது, ஒவ்வொரு வசனத்திலும் மூன்று தரம் தாழ்மை. குறித்த விடை முற்றிலும் தவறானது என்று நான் ஒப்புக்கொண்டிருந்தேன். அம்மாணவி பாடத்தைப் பரிகசிக்கும் கெட்ட நோக்கத்தோடு அவ்வாறு எழுதினாள் என்றும், நான் கவனக்குறைவாகப் புள்ளி போட்டுவிட்டேன் என்றும், அவளைக் கடுமையாகத் தண்டித்துவிட்டேன் என்றும், சேரிடம் வாய் காட்டியதற்கு மன்னிப்புக் கோருவதாகவும் இருந்தது. கீழே தமிழில் என் பெயர் கையெழுத்தாகக் கிடந்தது. வாப்பாவின் எழுத்து. என் முதலாம் வகுப்புக் கொப்பிகளின் அட்டையில் பெயர் எழுதித் தந்த கை எனக்குத் தெரியாதா.

ஓரத்தில் அதிகாரியின் குறிப்பு: அதிபருக்கு, மாணவி மேல் நடவடிக்கை எடுத்து அறிவிக்கவும். அதன் கீழே அதிபரின் பதில்: காலைக் கூட்டத்தில் ஆசிரியையின் கடிதம் வாசித்துக் காட்டப்பட்டது. மாணவி எல்லார் முன்னிலையிலும் பிழையை ஏற்றுச் சரியான விடையைப் பத்து முறை வாசித்தாள். மறுநாள் முதல் பாடசாலைக்குச் சமூகமளிப்பதில்லை. தேதியைப் பார்த்தேன். என் கலியாண லீவு கிடந்த கிழமை.

தேதிகளை எழுதாமலே வீட்டுக்கு வந்தேன். அதிபரை நான் என் வரிசையில் சேர்க்கவில்லை, அவர் மேலே இருந்து வந்த கடதாசி எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிதர். ஆனால் வாப்பா பின்வளவில் தன் பத்தியில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"அந்தக் கடிதம் நீங்களா குடுத்த?"

எந்தக் கடிதம் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம். நாந்தான்."

"என்ட பேர்ல?"

"உன்ட பேர்லதானே குடுக்கோணும். நீ குடுக்க மாட்டன் எண்டுட்டாய். மாப்பிள பகுதி வேற இடம் பாக்கிற எண்டு காதுக்கு வெசளம் வந்திட்டு. நான் வேறென்ன செய்ற?"

"அந்தப் புள்ளயப் பத்தி ஏன் எழுதின?"

"அது பெட்டிசக்காரன் போட்டது மகள். எனக்கு இங்கிலிஷ் தெரியுமா? என்ன எழுதினாய் எண்டு கேட்டன், பவ்வியமா எழுதியிரிக்கி எண்டான். கையெழுத்து வெச்சன்."

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத கடதாசியில் என் பெயரை வைத்திருக்கிறார். அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு வெட்கமும் இல்லை. என் வீட்டுக் கூரைக்காக மேலும் ஒரு ஆணி அறைந்த மாதிரிதான் சொன்னார். நான் அவரோடு சத்தம் போட்டேன். அதுவரை ஒருநாளும் போடாத சத்தம். ஒரு பிள்ளையின் படிப்பைக் கொடுத்து எனக்கு மாப்பிள்ளை வாங்கியிருக்கிறீர்கள் என்றேன். அவர் தன் தலைக்கு மேல் இருந்த கிடுகைப் பார்த்தார். ஓட்டு வீடு எனக்கு, கிடுகுப் பத்தி அவருக்கு. அதைக் கண்ட பிறகும் கோபம் போகவில்லை. அந்த மனிதர் எனக்காகத் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தார். அந்தப் பிள்ளை அவருடையது அல்ல, அவளைக் கொடுக்க அவருக்கு என்ன உரிமை?

பாதிரியார் அப்போது என் ஞாபகத்துக்கு வந்தார். தன் கல்லூரிச் சட்டத்தை மீறாமல் நல்ல பெயரோடு மேலே மேலே போன மனிதர். ஒவ்வொரு படிக்கும் யாரோ ஒருத்தி எங்கோ ஒரு அறையில் இருந்து விலை கொடுத்தாள், பாடம் எழுதினவன் அதைப் பண்பு என்று எழுதினான். என் உத்தியோகத்தையும் யாராவது பாடமாக எழுதினால் இப்படித்தான் எழுதுவார்கள். நிரந்தரம், கலியாணம், இடமாற்றம் என்று அழகாக வரும். அந்தப் பிள்ளைக்கு ஒரு வசனமும் வராது.

மறுநாள் இங்கிலிஷில் ஒரு கடிதம் எழுதினேன். இன்ன தேதியிட்ட கடிதம் நான் எழுதியதல்ல, அதை மீளப்பெறுகிறேன், மாணவியின் விடைக்கு நான் கொடுத்த நாலு புள்ளியும் சரியானது, அவள் என் மிக நல்ல மாணவி. லிகிதர் வாசித்துவிட்டுப் பயந்துபோனார்.

"டீச்சர், இது இப்ப என்னத்துக்கு? நீங்க பேர்மனன்ட்தானே. அந்த சேரும் பென்ஷன் போயிட்டார்."

"கோவையில போடுங்க," என்றேன். சீல் குத்தி, பிரதி ஒன்றிலும் சீல் குத்தித் தந்தார்.

பிரதியை எடுத்துக்கொண்டு நேரே பஸ் ஏறினேன். பெருமையாகத்தான் போனேன், அதை மறைக்கப்போவதில்லை. அவளுக்குக் கலியாணம் முடிந்து, தகப்பன் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தாள். சின்ன வீடு, ஓடு போட்டது. முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை. என்னைக் கண்டு தலைச் சீலையை இழுத்துவிட்டு, "வாங்க டீச்சர், உள்ளுக்கு வாங்க," என்றாள். தேத்தண்ணி தந்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். கடிதத்தை நான் காணவேயில்லை என்றும், வாப்பா செய்த வேலை என்றும், நேற்றுத்தான் தெரிந்தது என்றும் சொன்னேன்.

"நீங்க எழுதின எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்ச," என்றாள். "கூட்டத்துல உங்கட பேரச் செல்லித்தான் வாசிச்சாங்க."

"நான் எழுதல்ல."

"ஓம், இப்ப விளங்குது."

பிரதியைக் கொடுத்தேன். குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டு வாசித்தாள். வாய்க்குள் இல்லை, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, ஒரு இடத்திலும் தடக்காமல் கடைசி வரை வாசித்தாள். ஏழு வருஷம் புத்தகம் தொடாத பிள்ளை. வாசித்து முடித்து, மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்து, என் கையில் தந்தாள்.

"இதை நீ வெச்சிக்க," என்றேன்.

"எனக்கு என்னத்துக்கு டீச்சர்? உங்கட பைலுக்குத்தானே எழுதின." அவள் குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெளியே நெல்லில் கோழி ஏறியதைப் பார்த்து எழும்பினாள். வாசலில் நின்று அதைத் துரத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"வாப்பா என்னய நிப்பாட்டல்ல. நானாத்தான் நிண்ட. நீங்க லீவு முடிஞ்சி வந்தா ஊட்டுக்கு வந்து கூப்பிடுவீங்க எண்டு பாத்துக்கிட்டிருந்த. ரெண்டு மாசம் பாத்த."

அவளுடைய வாப்பாவின் வீடு பெரிய தூரத்தில் இருக்கவில்லை. பாடசாலை மதிலில் நின்று பார்த்தால் தெரிகிற தூரம்தான்.